சட்டைப் பைக்குள் ஒரு துப்பாக்கி

துப்பாக்கியின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் பெரியவற்றைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். கோட்டைச் சுவரைத் தகர்த்த பீரங்கி, போர்க்களத்தின் போக்கை மாற்றிய இயந்திரத் துப்பாக்கி, நெடுந்தொலைவில் குறி தப்பாத ரைபிள் ஆகியவற்றைப் பற்றித் தனித்தனி நூல்கள் உண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறிய கைத்துப்பாக்கிக்கும் ஒரு வரலாறு உண்டு. போர்க்களத்தில் அதற்கு இடமில்லை. வேட்டைக்கும் அது உதவாது. ஆயினும், உலகின் போக்கைத் திருப்பிய சில நிகழ்ச்சிகளில் அதன் பங்கு பீரங்கியின் பங்கைவிடக் குறைந்ததன்று.

இதனை விலை கொடுத்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் தற்காப்பு. சிறியது, கனமில்லாதது, பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம், ஆபத்து வந்தால் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கவர்ச்சி எவ்வாறு பிறந்தது? அதற்கு இயற்பியல் விதிகள் கேட்ட விலை என்ன? அந்த விலையைக் கொடுத்தவர்கள் யார்? இம்மூன்று கேள்விகளுக்கும் வரிசையாக விடை காண்போம்.

பொதுப்பெயரான ஒருவர் பெயர்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஹென்றி டெரிஞ்சர் (1786–1868) என்னும் துப்பாக்கித் தொழிலாளர் வாழ்ந்தார். குட்டையான குழலும் வளைந்த கைப்பிடியும் உடைய சிறு கைத்துப்பாக்கிகளைச் செய்து விற்றார். ஒரு முறை சுட்டால் மீண்டும் மருந்தும் குண்டும் கெட்டித்த பிறகே அடுத்த முறை சுட முடியும். இக்குறை இருந்தும் அவை நன்றாக விற்றன. பிறர் அவற்றைப் போலச் செய்து, அவர் பெயரை எழுத்து மாற்றி எழுதி விற்றார்கள். நாளடைவில் எல்லாக் குட்டைத் துப்பாக்கிகளுக்குமே 'டெரிஞ்சர்' என்பது பொதுப்பெயர் ஆயிற்று.

அப்பெயரை உலகம் முழுவதும் அறியச் செய்தது ஒரு கொலை. 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு, வாஷிங்டன் நகரின் போர்டு நாடக அரங்கில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜான் வில்க்ஸ் பூத் என்னும் நடிகன் பின்புறமாக வந்து, ஏறத்தாழ 15 செ.மீ. நீளமே உள்ள டெரிஞ்சரால் அவர் தலையில் சுட்டான். ஒரே குண்டுதான்; துப்பாக்கியும் வெறுமையாயிற்று. தன்னைப் பிடிக்க வந்த மேஜர் ராத்போனை அவன் கத்தியால் குத்தித்தான் தப்பினான். லிங்கன் மறுநாள் காலை இறந்தார். சிறிய துப்பாக்கியின் பலமும் பலவீனமும் அந்த ஒரே இரவில் வெளிப்பட்டன. நெருங்கி வந்து, எதிர்பாராத நேரத்தில் தாக்குபவனுக்கு அது போதுமானதாக இருந்தது. தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய நேரம் வந்தபோது அதே மனிதன் அதைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தான்.

உலோகத் தோட்டா தந்த வழி

பூத்தின் துப்பாக்கி உருவத்தில் சிறியதே தவிர, அதன் குழல் சிறியதன்று. உள்விட்டம் ஏறத்தாழ 11 மி.மீ. துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் 'காலிபர்' என்பர். ஆங்கிலேய, அமெரிக்க வழக்கில் அது அங்குலத்தின் பின்னமாகக் குறிக்கப்படும். .25 காலிபர் என்றால் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. காலிபரும் சிறுத்த துப்பாக்கி தோன்றுவதற்கு உலோகத் தோட்டா தேவைப்பட்டது.

1845-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் லூயி நிக்கோலா புளோபெர், தீமூட்டும் கலவை அடங்கிய சிறு உலோகக் கிண்ணத்தின் வாயில் ஒரு சிறு குண்டைப் பொருத்தினார். வெடிமருந்தே இல்லாமல், அக்கலவையின் விசையாலேயே குண்டு பாய்ந்தது. இது வீட்டுக் கூடத்தில் குறி பார்த்து விளையாடுவதற்கான பொருளாகவே இருந்தது. அமெரிக்காவில் ஸ்மித், வெஸ்ஸன் என்னும் இருவர் இக்கருத்தை வளர்த்துச் சிறிது வெடிமருந்தையும் சேர்த்தனர். 1857-இல் அவர்கள் வெளியிட்ட முதல் சுழல்துப்பாக்கி .22 காலிபர் உடையது. ஏழு தோட்டாக்கள் கொள்ளும். குண்டின் நிறை 2 கிராமுக்கும் குறைவு. மருந்துப் பொடி, குண்டு, தீமூட்டி என்று தனித்தனியாகக் கையாள வேண்டிய தொல்லை ஒழிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) போர்வீரர்கள் பலர் தம் சொந்தப் பணத்தில் இத்தகைய சிறு துப்பாக்கிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு சிறு துப்பாக்கி ஒரு வாணிகப் பொருளாகவே மாறிவிட்டது. 1866-இல் ரெமிங்டன் நிறுவனம் மேலும் கீழுமாக இரு குழல்கள் கொண்ட டெரிஞ்சரை வெளியிட்டது. 1935 வரை அது தொடர்ந்து செய்யப்பட்டது. 1890-களில் பிரான்சில் மிதிவண்டி புதிய மோகமாகப் பரவியபோது, துரத்தி வரும் நாய்களை விரட்டுவதற்கென்றே 'வெலோ-டாக்' என்னும் குட்டிச் சுழல்துப்பாக்கி விற்பனைக்கு வந்தது. நாயைக் கொல்ல மனமில்லாதவர்களுக்காக மிளகாய்த்தூள் அடைத்த தோட்டாக்களும் கிடைத்தன!

கவர்ச்சியின் வளர்ச்சிக்கு விளம்பரமும் துணை செய்தது. ஐவர் ஜான்சன் என்ற அமெரிக்க நிறுவனம், கீழே விழுந்தாலும் தானாக வெடிக்காத அமைப்புடைய சுழல்துப்பாக்கிகளை விற்றது. அக்காலச் சிறு துப்பாக்கிகள் பலவற்றில் அந்த ஆபத்து உண்மையிலேயே இருந்தது. ஆகவே அந்த அமைப்பு ஒரு நல்ல முன்னேற்றமே. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனம் வெளியிட்ட ஒரு விளம்பரத்தில், படுக்கையில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுமியின் கையில் அத்துப்பாக்கியைக் கொடுத்துப் படம் வரைந்திருந்தார்கள். கொல்லும் கருவி, வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

பிரௌனிங்கின் சிறு பொறி

சிறிய துப்பாக்கிக்கு இறுதி வடிவம் கொடுத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங் (1855–1926). அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்னும் ஊரில் பிறந்தவர். அவருடைய சிறு துப்பாக்கிகளை முதலில் செய்தது பெல்ஜியத்தில், லியேஜ் நகருக்கு அருகில் எர்ஸ்டால் என்னும் இடத்தில் 1889-இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழிற்சாலை. சுருக்கமாக 'எப்.என்.' என்பர். 1900-ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கி 7.65 மி.மீ. காலிபர் உடையது. 1906-ஆம் ஆண்டளவில் இன்னும் சிறிய 6.35 மி.மீ. வகை வந்தது. மேலங்கியின் உள்ளே அணியும் குட்டைச் சட்டையின் பையில் வைக்கத்தக்கது என்பதால் அமெரிக்காவில் 'வெஸ்ட் பாக்கெட்' என்னும் பெயரால் விற்றார்கள். நீளம் ஏறத்தாழ 11.4 செ.மீ.; எடை ஏறத்தாழ 370 கிராம். அமெரிக்காவில் கோல்ட் நிறுவனம் 1908 முதல் 1948 வரை நான்கு இலட்சத்துக்கு மேல் இதனைச் செய்தது. பிற நாட்டுத் தொழிற்சாலைகள் செய்த போலிகளுக்குக் கணக்கே இல்லை.

இதன் உள்ளமைப்பு நியூட்டனின் மூன்றாம் விதிக்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு. குழலின் பின்புறத்தை மூடுவது 'ஸ்லைடு' என்னும் எஃகுப் பகுதி. அதனைப் பூட்டும் கொக்கியோ தாழோ கிடையாது. அதன் நிலைமமும் ஒரு சுருள்வில்லும்தான் அதனைத் தாங்குகின்றன. தோட்டா வெடித்ததும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது; அதே விசையால் தோட்டாக்கூட்டையும் ஸ்லைடையும் பின்னே தள்ளுகிறது. ஸ்லைடு பின்னே போகும்போது வெறும் தோட்டாக்கூடு வெளியே எறியப்படுகிறது. வில்லின் விசையால் திரும்பும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறுகிறது. சுடுபவன் செய்ய வேண்டியது விசையை மீண்டும் இழுப்பது மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குண்டின் நிறை 3.2 கிராம், ஸ்லைடின் நிறை 150 கிராம் என்று கொள்வோம். வெளி விசை புறக்கணிக்கத்தக்கது என்றால், நகரும் தொலைவுகள் நிறைகளுக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். குண்டு 5 செ.மீ. நீளக் குழலைக் கடக்கும்போது ஸ்லைடு ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி நகரும். அதற்குள் குண்டு வெளியேறிவிடுகிறது. வாயு அழுத்தமும் தணிந்துவிடுகிறது. ஆகவே பூட்டே இல்லாத கதவு பாதுகாப்பாகத் திறக்கிறது. குண்டு பெரிதாகி, வெடிமருந்தும் மிகுந்தால் என்ன ஆகும்? அழுத்தம் தணியும் முன்பே கதவு திறந்து, மெல்லிய பித்தளைக் கூடு கிழியும். அதனைத் தடுக்க ஸ்லைடைக் கனமாக்க வேண்டும். அல்லது பூட்டு வைக்க வேண்டும். இரண்டிலும் துப்பாக்கி பெரிதாகிவிடும். பிரௌனிங் சிறிய தோட்டாவைத் தேர்ந்ததற்கு அடிப்படை இந்த எளிய விகிதம்தான்.

முன்னரே இருந்த .22 தோட்டாவை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கலாம். அதில் தீமூட்டும் கலவை அடித்தட்டின் விளிம்பைச் சுற்றிப் பரப்பப்படுகிறது. விளிம்பில் எங்கேனும் கலவை விட்டுப்போயிருந்து, அவ்விடத்தில் ஊசி தாக்கினால் தோட்டா வெடிக்காது. 6.35 மி.மீ. தோட்டாவில் தீமூட்டி நடுவில் தனியே பொருத்தப்பட்டிருப்பதால் இக்குறை வெகுவாகக் குறைந்தது.

நியூட்டன் கேட்ட விலை

இனிக் குறைகளுக்கு வருவோம். முதலாவது பின்னியக்கம். 3.2 கிராம் குண்டு வினாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் உந்தம் 0.74 கி.கி.மீ./வினாடி. 370 கிராம் துப்பாக்கி அதே உந்தத்துடன் பின்னே வருகிறது. அதாவது வினாடிக்கு 2 மீட்டர் வேகம். (வெளியேறும் வாயுவின் உந்தத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.) இது கை தாங்கக்கூடியதே. அதே எடையுள்ள துப்பாக்கியில் இராணுவத்தார் பயன்படுத்தும் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவை இட்டால், 8 கிராம் குண்டு வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் செல்லும். உந்தம் 2.8, துப்பாக்கி வினாடிக்கு 7.6 மீட்டர் வேகத்தில் உள்ளங்கையைத் தாக்கும். வேகம் ஏறத்தாழ நான்கு மடங்குதான் கூடியது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததால், உதை பதினான்கு மடங்கு ஆகிவிடுகிறது. எடை குறைந்தால் உதை மிகும். உதை குறைய வேண்டுமானால் குண்டின் ஆற்றலைக் குறைக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரப் பெற வழி இல்லை.

இரண்டாவது குறி. துப்பாக்கியின் முன்னும் பின்னும் உள்ள இரு குறிமுனைகளை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தே குறி பிடிக்கிறோம். அவற்றிற்கிடையே 10 செ.மீ. தொலைவு இருந்து, ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 10 மீட்டருக்கு அப்பால் குண்டு 10 செ.மீ. தள்ளிப்போகும். முனைகளுக்கிடையே 20 செ.மீ. இருந்தால் பிழை பாதியாகும். சட்டைப் பைத் துப்பாக்கியிலோ குறிமுனைகள் பையில் மாட்டாமல் இருப்பதற்காகத் தேய்த்துச் சிறிதாக்கப்பட்டிருக்கும். அச்சத்தால் நடுங்கும் கை, இரண்டு விரல்களுக்கே இடமுள்ள கைப்பிடி, மங்கிய வெளிச்சம் ஆகிய யாவும் சேரும்போது பிழை எவ்வளவு வளரும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது குழலின் குறுமை. எரியும் வாயு விரிவடைந்து குண்டைத் தள்ளுவதற்குப் போதிய நீளம் இல்லை. ஆற்றலின் ஒரு பகுதி ஒளியாகவும் ஒலியாகவும் வீணாகிறது.

சுருக்கத்தின் எல்லையைத் தொட்ட ஒரு துப்பாக்கியையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1914-இல் ஆஸ்திரியாவில் பிரான்ஸ் பிஃபன்னல் என்னும் கடிகாரக் கலைஞர் 'கோலிப்ரி' என்னும் 2.7 மி.மீ. துப்பாக்கியைச் செய்தார். கோலிப்ரி என்றால் மிகச் சிறிய ஹம்மிங் பறவை. குண்டின் நிறை 0.2 கிராம், ஆற்றல் ஏறத்தாழ 4 ஜூல். குண்டைச் சுழலச் செய்யும் திருகு வரிகளைக் கூட அவ்வளவு சிறிய குழலுக்குள் வெட்ட முடியவில்லை. தற்காப்பு என்ற சொல்லுக்கு அங்கே பொருளே இல்லாமற் போயிற்று.

கிரிக்கெட் பந்தும் குண்டும்

சில தோட்டாக்களின் ஆற்றலை ஒப்பிடுவோம். எண்கள் தோராயமானவை.

6.35 மி.மீ. பிரௌனிங்: குண்டு 3.2 கிராம், ஆற்றல் 85 ஜூல்.
7.65 மி.மீ. பிரௌனிங்: குண்டு 4.6 கிராம், ஆற்றல் 175 ஜூல்.
9 மி.மீ. குட்டைத் தோட்டா: குண்டு 6.2 கிராம், ஆற்றல் 260 ஜூல்.
9 மி.மீ. பாராபெல்லம்: குண்டு 8 கிராம், ஆற்றல் 490 ஜூல்.
.303 ரைபிள்: குண்டு 11.3 கிராம், ஆற்றல் 3,100 ஜூல்.

85 ஜூல் என்பது எவ்வளவு? 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்தை ஒருவர் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வீசினால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 89 ஜூல். நல்ல வேகப் பந்து வீச்சாளரின் பந்தும் பிரௌனிங்கின் சிறு குண்டும் ஏறத்தாழ ஒரே ஆற்றல் உடையவை! பந்தின் உந்தமோ குண்டின் உந்தத்தைப்போல் ஏழு மடங்கு. ஆகவே, குண்டு பட்டவன் தூக்கி எறியப்படுவதாகத் திரைப்படங்களில் காட்டுவது இயற்பியலுக்கு ஒவ்வாது. இக்குண்டு முழுவதும் 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடலில் தங்கிவிட்டாலும், அவர் பெறும் வேகம் வினாடிக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர்தான்.

அப்படியானால் பந்து பட்டவர் தடவிக்கொண்டு மீண்டும் ஆட நிற்கிறார். குண்டு பட்டவர் ஏன் இறக்கிறார்? வேறுபாடு பரப்பில் இருக்கிறது. பந்தின் குறுக்குவெட்டுப் பரப்பு குண்டினுடையதைப்போல் நூறு மடங்குக்கு மேல். அதே ஆற்றல் ஒரு சிறு புள்ளியில் குவியும்போது தோலும் தசையும் தாங்குவதில்லை. குண்டு உள்ளே சென்றுவிடுகிறது. எவ்வளவு ஆழம், எந்த உறுப்பு என்பதைப் பொறுத்தே விளைவு அமையும். இதயமோ மூளையோ தாக்கப்பட்டால் உடனடி மரணம் நேரலாம். மற்ற இடங்களில் பட்டால் குருதி மெல்ல வடியும். நஞ்சு மெல்லப் பரவும். காயம்பட்டவர் சில நிமிடங்கள் ஓடவும் போராடவும் கூட முடியும்.

எட்டு நாள் மரணம்

1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நடந்த பொருட்காட்சியில் குடியரசுத் தலைவர் மெக்கின்லி மக்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார். வரிசையில் வந்த லியோன் சோல்கோஸ் என்பவனின் கையில் ஒரு கைக்குட்டை சுற்றியிருந்தது. காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறான் என்றே காவலர்கள் எண்ணினர். உள்ளே இருந்தது நான்கரை டாலருக்கு வாங்கிய .32 காலிபர் ஐவர் ஜான்சன் சுழல்துப்பாக்கி. 'பாதுகாப்பானது' என்பதே அந்த வகைக்கு நிறுவனம் சூட்டிய பெயர்!

இரண்டு குண்டுகளில் ஒன்று மேலோட்டமான காயத்தை மட்டுமே ஏற்படுத்தியது. மற்றொன்று வயிற்றில் பாய்ந்தது. மருத்துவர்களால் அதனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பொருட்காட்சியிலேயே ஓர் எக்ஸ் கதிர்க் கருவி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதனைப் பயன்படுத்தவில்லை. ஆயிரக்கணக்கான மின்விளக்குகளால் ஒளிர்ந்த பொருட்காட்சியின் மருத்துவமனையில், கதிரவன் ஒளியைப் பிரதிபலிக்கச் செய்து அறுவை செய்தார்கள். தலைவர் தேறி வருவதாகவே தோன்றியது. ஆனால் உள்ளே தசை அழுகிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 14-ஆம் நாள் அவர் இறந்தார்.

1968 ஜூன் 5-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். பயன்பட்டது எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும் .22 சுழல்துப்பாக்கி. செய்ததும் அதே ஐவர் ஜான்சன் நிறுவனமே.

1981 மார்ச் 30-ஆம் நாள் வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் ரீகனை நோக்கி ஒருவன் மலிவான .22 சுழல்துப்பாக்கியால் இரண்டு வினாடிகளுக்குள் ஆறு முறை சுட்டான். நேராக ஒரு குண்டும் ரீகன் மீது படவில்லை. காரின் பக்கத்தில் பட்டுத் தெறித்த ஒன்று தட்டையாகி, இடது அக்குளின் கீழ் நுழைந்து, இதயத்திற்கு ஏறத்தாழ ஓர் அங்குலத் தொலைவில் நின்றது. தாம் சுடப்பட்டதை முதலில் அவரே உணரவில்லை. காவலர் காருக்குள் தள்ளியதில் விலா எலும்பு முறிந்ததாக எண்ணினார். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதால் பிழைத்தார். அவருடைய செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிராடியின் தலையில் குண்டு பாய்ந்தது. உடல் ஊனத்துடன் 33 ஆண்டுகள் வாழ்ந்து 2014-இல் அவர் இறந்தபோது, அந்தப் பழைய காயமே காரணம் என்று கூறி அம்மரணத்தைக் கொலை என்றே மருத்துவ அதிகாரிகள் பதிவு செய்தனர்.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து ஓர் உண்மை புலனாகும். தற்காத்துக்கொள்பவனுக்கு வேண்டியது, எதிரியை அந்த நொடியிலேயே நிறுத்துவது. சிறு குண்டு பெரும்பாலும் அதனைச் செய்வதில்லை. கொல்ல வந்தவனுக்கோ அவசரம் இல்லை; இலக்கு மறுநாள் இறந்தாலும், எட்டு நாள் கழித்து இறந்தாலும் அவன் எண்ணம் நிறைவேறிவிடுகிறது. காப்பவனுக்கு நொடிகள் கணக்கு. தாக்குபவனுக்கு நாட்கள் கூடப் போதும். சிறு துப்பாக்கியின் ஆற்றல் இந்த இரண்டுக்கும் இடையில் அமைந்துவிட்டது.

பெட்டிக்குள் வந்தவை

அதன் உண்மையான பலம், மறைக்க எளிது என்பதே. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலும் சான்று உண்டு. 1909-இல் லண்டனிலிருந்து 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகள் ஒரு பயணியின் பெட்டியில் மறைத்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன என்பது நாசிக் சதி வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டு. அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் நாசிக் கலெக்டர் ஜாக்சன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டு, பின் தம்மையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்தான். அவரது அரசியலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயுதச் சட்டம் கடுமையாக நடைமுறையில் இருந்த ஒரு நாட்டில், எர்ஸ்டாலில் செய்த பொறி தாமிரபரணிச் சீமை வரை காவலர் கண்ணில் படாமல் வந்து சேர்ந்தது என்பதே இங்கு நாம் கருத வேண்டியது. ஒரு ரைபிள் அவ்வாறு பயணம் செய்திருக்க முடியாது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1914 ஜூன் 28-ஆம் நாள், அதே தொழிற்சாலையின் 1910-ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கி சரயேவோ நகரில் இரண்டு முறை வெடித்தது. 19 வயது காவ்ரிலோ பிரின்சிப் சுட்டதில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் மனைவி சோபியும் இறந்தனர். அதைத் தொடர்ந்து மூண்ட முதல் உலகப் போரில் இறந்தவர்கள் கோடிக்கு மேல். 1948 ஜனவரி 30-ஆம் நாள் தில்லியில் காந்தியடிகளின் உடலைத் துளைத்த மூன்று குண்டுகளும் 9 மி.மீ. குட்டைத் தோட்டா இடும் பெரெட்டா கைத்துப்பாக்கியிலிருந்து வந்தவையே. பிரார்த்தனைக்கு வருவோரைச் சோதனையிட அடிகள் இசையவில்லை. கூட்டத்தில் கைகூப்பி நின்றவனின் ஆடைக்குள் அது மறைந்திருந்தது.

சட்டமும் இடுக்கும்

ராபர்ட் கென்னடி இறந்த அதே 1968-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அதன்படி வெளிநாட்டிலிருந்து வரும் கைத்துப்பாக்கிகளுக்கு நீளம், உயரம், எடை, காலிபர் முதலியவற்றைக் கொண்டு மதிப்பெண் போடும் முறை வந்தது. மிகச் சிறியவை தேர்வில் தோற்றன. பெல்ஜியத்தின் 'பேபி பிரௌனிங்' அமெரிக்காவுக்குள் வருவது நின்றது. ஜெர்மனியின் வால்தர் பி.பி.கே. துப்பாக்கியும் சிறிதளவில் தோற்றது. உடனே சற்றுப் பெரிய பிடியைப் பொருத்தி, பி.பி.கே./எஸ். என்று பெயரிட்டு விற்றார்கள்.

ஆனால் சட்டத்தில் ஓர் இடுக்கு இருந்தது. இறக்குமதிக்குத்தான் அந்தத் தேர்வு. உள்நாட்டில் செய்வதற்கு இல்லை. வெளிநாட்டுச் சரக்கு நின்றதும், கலிபோர்னியாவில் ரேவன் போன்ற புதிய நிறுவனங்கள் துத்தநாகக் கலவை உலோகத்தை அச்சில் வார்த்து, மிக மலிவான .25 துப்பாக்கிகளை இலட்சக்கணக்கில் செய்யத் தொடங்கின. பழைய பிரௌனிங்கில் இருந்த வேலைத்திறன் இவற்றில் இல்லை. ஆபத்து மட்டும் குறையவில்லை.

கதைகளிலும் இந்த விவாதம் நுழைந்தது. இயன் பிளெமிங் படைத்த ஜேம்ஸ் பாண்டு முதலில் .25 பெரெட்டாவையே வைத்திருந்தார். ஜெஃப்ரி பூத்ராய்டு என்னும் துப்பாக்கி வல்லுநர் அது ஒற்றருக்கு ஏற்ற ஆயுதமன்று என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். 1958-இல் வெளிவந்த 'டாக்டர் நோ' நாவலில் பாண்டின் கைக்கு 7.65 மி.மீ. வால்தர் வந்தது.

நம் நாட்டில் 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்னும் .32 சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. எடை 500 கிராம். விலை ஏறத்தாழ 1,22,000 ரூபாய். 2012-இல் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், பெண்களின் கைப்பையில் வைக்கத்தக்க ஆயுதம் என்று இதனை அறிமுகப்படுத்தினர். அச்சம் உண்மையானது, அதனைக் குறை கூற முடியாது. ஆனால் 1906-இல் சட்டைப் பைக்குச் சொன்ன வாக்குறுதியே 2014-இல் கைப்பைக்கும் சொல்லப்பட்டது. பையைத் திறந்து, எடுத்து, குறி பார்த்து, நடுங்கும் கையால் சுட வேண்டும். தாக்க வருபவனோ பெரும்பாலும் அதற்குள் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்துவிடுவான்; துப்பாக்கியையே பறித்துக்கொள்ளவும் கூடும். நல்ல வெளிச்சமுள்ள தெருவும், நேரத்தோடு வரும் பேருந்தும், கூப்பிட்டால் வரும் காவலரும் இந்தக் குறைகளுக்கு உட்பட்டவை அல்ல. அவற்றை ஒரு தனிமனிதர் விலை கொடுத்து வாங்க முடியாது என்பதால்தான் துப்பாக்கி விற்கிறது.

பிரௌனிங் 1926 நவம்பர் 26-ஆம் நாள் லியேஜ் நகரில், தொழிற்சாலையில் வேலையில் ஈடுபட்டிருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். ஒரு பொறியாளர் என்ற முறையில் அவர் கேட்ட கேள்வி, 'இதனை எவ்வளவு சிறிதாக்கலாம்?' என்பது. அதற்கு அவர் கண்ட விடை இன்றும் வியக்கத்தக்கது. சிறிதாக்கியதால் காக்கும் திறன் எவ்வளவு குறைந்தது, மறைக்கும் திறன் எவ்வளவு கூடியது என்பது வேறு கேள்வி. அதற்குரிய விடை பட்டறையில் கிடைக்கவில்லை. பஃபலோவிலும் மணியாச்சியிலும் சரயேவோவிலும் தில்லியிலும் அது கிடைத்தது. இயற்பியல் மாணவர்கள் பின்னியக்கக் கணக்கைச் செய்யும்போது இந்த இரண்டாவது கேள்வியையும் நினைவில் கொள்வது நல்லது.